மறந்துவிட்டோம் என்று யார் சொன்னது?

ஓசூர் உணவுத் திருவிழா மேடையில் ஒருவர் பேசிய வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். இருளர்களாகிய நாங்களே எங்கள் காட்டு உணவை மறந்துவிட்டோமாம், இவர்கள்தான் மீட்டெடுக்க வேண்டுமாம். பக்கத்திலேயே காட்டில் தோண்டுகிற கவலைக் கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு நிற்பது என் பெரியம்மா. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாங்கள் எதையும் மறக்கவில்லை. எங்களைக் காட்டுக்குள் விடுவதில்லை, அவ்வளவுதான்.

கொடி காய்ந்து இலை உதிர்ந்த பிறகும் இது கவலைக் கிழங்கு, இது நூரைக் கிழங்கு என்று தண்டைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். கிழங்கை எடுத்ததும் என் பாட்டி கொடியோடு இருக்கிற தலைப்பகுதியை அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடுவார், அப்போதுதான் அடுத்த மழைக்கு மறுபடி தழையும். மூடாமல் எழுந்தால் திட்டு விழும். அன்றைக்குத் தேவையானதைத்தான் தோண்டுவோம், மீதி மண்ணுக்குள்ளேயே கெடாமல் கிடக்கும், எங்களுக்கு அதுதான் குதிர். கசப்புக் கிழங்கென்றால் சீவி, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைக்க வேண்டும். கூட இருந்து பார்த்தால்தான் அந்தப் பக்குவம் பிடிபடும்.

எழுதி வைப்பது நல்லதுதானே என்பீர்கள். சரி, எழுதுங்கள். ஆனால் காட்டில் கால் வைக்காத பிள்ளைக்கு அந்தப் புத்தகம் எதற்கு? காடு அழிந்துவிடும் என்பவர்களுக்கு, கிழங்கின் தலையைப் புதைத்துவிட்டு வருகிறவர்களால் எந்தக் காடும் அழியாது. யானை இருக்கிறதே என்றால், இருக்கிறது, அதோடுதான் வாழ்ந்தோம்.

காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை தருகிற 2006 வன உரிமைச் சட்டத்தில், நாங்கள் எடுக்கலாம் என்கிற சிறு வன மகசூல் என்று தேன், மெழுகு, வேர், கிழங்கு எல்லாம் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. சரணாலயத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். எங்கள் பக்கத்துக் காவிரி வடக்குச் சரணாலயத்தை அறிவித்ததே 2014-இல்தான். அப்புறம் எந்த நியாயத்தில் வனத்துறையினர் என் சித்தியின் கிழங்கு மூட்டையைப் பிடுங்கிக் கொட்டினார்கள்? அழுதுகொண்டே வீடு வந்தவர் அதன்பிறகு காட்டுப் பக்கமே போகவில்லை. அவர் மகனுக்கு இன்று எந்தக் கொடியும் தெரியாது. இதற்குப் பெயர் மறதியா?

அந்தப் பையனை விடுதியில் கிழங்கு தின்னி என்று கூப்பிட்டே அழவைத்தார்கள், சோறு மட்டும்தான் சாப்பிடுவேன் என்று அவன் இன்றும் அடம்பிடிக்கிறான். இப்போது அதே கிழங்கைத் தட்டில் வைத்து வரிசையில் நின்று படம் எடுக்கிறீர்கள். எங்களுக்கு வலிக்காதா?

அடுத்த திருவிழாவுக்கு ஆள் அனுப்பச் சொல்லி இன்று காலையே போன் வந்தது. எங்கள் கிராமசபை கொடுத்த வன உரிமை மனுவுக்கு முதலில் பதில் வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.