அப்ரூவல் முதலில், குழாய் பிறகு

சென்னைக்கு மூன்றாவது மாஸ்டர் பிளான் வருகிறது. 2008-ல் வந்த இரண்டாவது பிளானின் கெடு 2026. அடுத்தது 2046 வரைக்கும். இன்று எல்.கே.ஜி. போகும் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போய் வீட்டுக் கடன் வாங்கும் காலம் வரை எங்கே வீடு, எங்கே கம்பெனி, எங்கே ஏரி என்பதையெல்லாம் அந்த வண்ண வரைபடம்தான் சொல்லப்போகிறது. வரைபடம் வெளியானதும் நம் ஆட்கள் முதலில் தேடப்போவது தங்கள் சர்வே நம்பரை. "நம்ம இடம் குடியிருப்பா, விவசாயமா?" தப்பில்லை, அவரவர் காசு அவரவருக்கு.

எனக்கு வேறொரு கேள்வி. குடியிருப்பு என்று வண்ணம் பூசப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் தண்ணீர்க் குழாய் எப்போது வரும், பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று அதே பிளானில் எழுதியிருக்குமா? இதுவரைக்கும் எழுதியதில்லை. இந்த ஊரின் பாதிச் சிக்கல் அங்கேதான் என்பது என் கட்சி.

யார் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். நிலத்தில் என்ன கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம் என்று சொல்வது சி.எம்.டி.ஏ. என்னும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். தண்ணீரும் கழிவுநீரும் 1978-ல் தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய மெட்ரோ வாட்டர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். எல்லையைத் தாண்டிவிட்டால் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று ஆளுக்கொரு கை. மாடிக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்குக் குழாய் போடும் வேலை இல்லை. குழாய் போடுகிறவரைக் கேட்டு மாடி எண்ணிக்கை முடிவாவதும் இல்லை.

நம் கட்டட விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. 2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான கட்டட விதிகள் வந்தன. சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2, உயரமான கட்டடத்துக்கு 3.25. அதாவது ஒரு கிரவுண்டு மனையில் இரண்டு கிரவுண்டு அளவுக்குத் தளப்பரப்பு எழுப்பலாம், உயரமான கட்டடம் என்றால் மூன்றேகால். அதற்கு மேலும் வேண்டுமென்றால் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அளவுகோல் சாலையின் அகலம். 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50 சதவீதம் கூடுதல், 12 மீட்டரிலிருந்து 18 வரை 40 சதவீதம், 9 மீட்டரிலிருந்து 12 வரை 30 சதவீதம். கார் போகுமா, தீயணைப்பு வண்டி திரும்புமா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதே சாலைக்கு அடியில் போகும் குழாயின் விட்டத்தைப் பார்த்து எஃப்.எஸ்.ஐ. தீர்மானிக்கும் வரி ஒன்றுகூட அந்த அட்டவணையில் கிடையாது. சாலை ஐம்பது அடி இருக்கும், அடியில் குழாயே இருக்காது. கணக்குப்படி மாடி ஏறிவிடும்.

இத்தனைக்கும் அந்தப் பணத்தை வாங்குவதே உள்கட்டமைப்புக்காக என்றுதான் சொல்கிறார்கள். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் தவிர, உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று தனியாக ஒன்றும் உண்டு. பில்டர் அதைத் தன் கையிலிருந்து கட்டுவதில்லை, சதுர அடி விலையில் சேர்த்து நம்மிடம் வாங்கிவிடுகிறார். ஆகக் குழாய்க்கான காசை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம். நுழைந்த பிறகு வாசலில் நிற்பது லாரி.

ஐநூறு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நாலு பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. 2,70,000 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினம் 22 லாரிக்கு மேல். வந்த தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பதும் அதே பொறியாளர்கள் போடும் கணக்குதான். அப்படியென்றால் வெளியே போக வேண்டியது இன்னொரு 18 லாரி. ஒரே ஒரு வளாகத்துக்கு. அந்தச் சாலையில் இப்படிப் பத்து வளாகம் இருக்கும். அப்புறம் டிராஃபிக் ஏன் என்று கேட்கிறோம்.

ஓ.எம்.ஆர். என்னும் பழைய மகாபலிபுரம் சாலையின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையை மட்டும் பாருங்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள். 2008-ல் ஆறு வழிச் சாலை தயார். கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, அதில் வேலை செய்கிறவர்களுக்காக அடுக்குமாடிகள் வந்தன. குழாய் மட்டும் வரவில்லை. திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் வயல் கிணற்றுத் தண்ணீர் லாரியில் ஏறியது. ஊர்க்காரர்கள் லாரியை மறித்துச் சண்டை போட்டதும் நடந்தது, அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. 2019 ஜூனில் ஏரிகள் காய்ந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அந்தச் சாலையின் கம்பெனிகள் சில தங்கள் ஊழியர்களிடம் சொன்னதாகச் செய்திகள் வந்தன. கொரோனாவுக்கு முந்தைய வருடம் அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த ரயில் ஒரு நடை வந்தால் ஒன்பது வளாகங்களுக்கு ஒரு நாள் தாங்கும்.

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் சென்னை ஆயின. வீட்டு வரி சென்னை வரி, விளம்பரத்தில் சென்னை முகவரி, நில விலையும் அதற்கேற்ப. மெட்ரோ வாட்டர் எல்லாப் பகுதிக்கும் திட்டம் போட்டுப் படிப்படியாகக் குழாய் பதிக்க ஆரம்பித்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் சேர்க்கப்பட்ட பகுதிகளில் பாதாளச் சாக்கடைக்குக் காத்திருக்கும் தெருக்கள் இருக்கின்றன. மெட்ரோ வாட்டர் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகலாம், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வீடும் ரோடும் கேபிளும் வந்த பிறகு தெருவைத் தோண்டுவது, காலி நிலத்தில் குழாய் பதிப்பதைவிட எத்தனை மடங்கு செலவு என்று எந்த ஒப்பந்ததாரரைக் கேட்டாலும் சொல்வார்.

சென்னை தட்டையான ஊர் வேறு. கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய் சரிவாகப் போக வேண்டும். தரை தட்டையாக இருந்தால் போகப் போகக் குழாய் ஆழமாகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் தோண்ட முடியாது, அங்கே ஒரு பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே ஏற்ற வேண்டும். அதற்கு நிலம் வேண்டும். எல்லா மனையும் விற்றுத் தீர்ந்த பிறகு நிலத்துக்கு எங்கே போவது? கடைசியில் கண்ணில் படுவது ஒரு பூங்கா, இல்லையென்றால் ஏரிக்கரை. குடியிருப்போர் சங்கம் கொடி பிடிக்கும், வழக்குப் போடும், இரண்டு மூன்று வருடம் ஓடும். நானும் அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "பாதாளச் சாக்கடை வேணும், ஆனா பம்பிங் ஸ்டேஷன் எங்க தெருவுல வேண்டாம்" என்று பேசியவருக்குத்தான் அன்று பலத்த கைதட்டல். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. லேஅவுட் போடும்போதே அந்த இடத்தை ஒதுக்கி வரைபடத்தில் காட்டியிருந்தால், பக்கத்து மனையை வாங்குகிறவர் தெரிந்தே வாங்கியிருப்பார். பூங்காவுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் விதி இருக்கிறது, பெரிய லேஅவுட் என்றால் பத்தில் ஒரு பங்கு. பம்பிங் ஸ்டேஷனுக்கும் அதே மாதிரி முன்கூட்டியே ஒதுக்கச் சொல்வதில் என்ன கஷ்டம்?

ஊராட்சிப் பகுதிகளின் நிலை இன்னும் மோசம். பெரும்பாக்கத்தில் அரசே எட்டு மாடிக் குடியிருப்புகளை வரிசை வரிசையாகக் கட்டி, கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. ஆயிரக்கணக்கான வீடுகள். குடியேற்றியபோது பெரும்பாக்கம் ஒரு கிராம ஊராட்சி. மேடவாக்கம், கோவிலம்பாக்கம், முடிச்சூர் என்று அடுக்குமாடிகள் முளைத்த காலமெல்லாம் அந்த ஊர்களும் ஊராட்சிகள்தான். ஒரு ஊராட்சித் தலைவர் எந்த நிதியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவார்? கட்டட அனுமதி நகரத்துக்கு ஏற்ற மாதிரி, நிர்வாகம் கிராமத்துக்கு ஏற்ற மாதிரி. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் முழுகியபோது ஏரிகளுக்குப் போகும் வாய்க்கால் எங்கே என்று ஊரே தேடியது. அதுவும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான்.

குழாய் இல்லாத இடத்தில் கழிவு எங்கே போகிறது? செப்டிக் டேங்க் நிறைந்ததும் கழிவுநீர் லாரி வருகிறது. ஒழுங்காகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இன்னொரு கூட்டம் மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாக இணைப்புக் கொடுத்துவிடுகிறது, அது நேராக ஏரிக்கோ சதுப்பு நிலத்துக்கோ போய்ச் சேரும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்ததைக் கொண்டாடினோம். அதைச் சுற்றிலும் கொடுத்த அனுமதிகளுக்கு எத்தனை சாக்கடை இணைப்புகள் கொடுத்தோம் என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

செப்டிக் டேங்குக்குள் இறங்கிச் செத்துப்போகிறவர்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. இறப்புக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு கூடியது, இறங்குவது நிற்கவில்லை. பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன், மேன்ஹோலிலும் ஆட்கள் செத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கொரு விஷக்குழி வெட்ட அனுமதி கொடுத்துக்கொண்டே இருப்பதும் ஒரு நிர்வாக முடிவுதான்.

தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளைக்கு 15 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் இரண்டாவது ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கான வேலையும் தொடங்கியது. நல்லது. அதே 80 சதவீதக் கணக்கைப் போட்டால் இந்த இரண்டு ஆலைகளின் தண்ணீர் மட்டும் தினம் 44 கோடி லிட்டர் கழிவுநீராக மாறும். குடிநீர் ஆலைக்குத் திறப்பு விழா நடத்துவதுபோல அந்த 44 கோடிக்கு யாரும் விழா எடுப்பதில்லை. இத்தனைக்கும் கழிவுநீருக்கும் விலை உண்டு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினம் தலா 4.5 கோடி லிட்டரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்களை 2019-ல் தொடங்கினார்கள். கழிவுநீர் குழாய் வழியாக ஓரிடத்தில் வந்து சேர்ந்ததால்தான் அது முடிந்தது. ஆயிரம் செப்டிக் டேங்கில் கிடப்பதை வைத்து அப்படிச் செய்ய முடியாது.

"அப்போ குழாய் வரும்வரை யாரும் வீடு கட்டக் கூடாதா? வீட்டு விலை எங்கே போகும் தெரியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் மாடிக்கு எதிரி இல்லை. பத்து மாடிக் கட்டடம் ஒன்றுக்கு ஒரு இணைப்புப் போதும், அதே வீடுகள் தனித்தனி மனையாகப் பரவினால் கிலோமீட்டர் கணக்கில் குழாய் வேண்டும். குழாய் உள்ள இடத்தில் தாராளமாக உயரட்டும். தி.நகர், மயிலாப்பூர் மாதிரிப் பழைய பகுதிகளில் தனி வீடுகள் இருந்த காலத்தில் போட்ட குழாய்களை மாற்றிப் பெரிதாக்கிவிட்டு அங்கே இன்னும் கூடுதலாகக் கொடுங்கள். புறநகரில் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டு, பந்திக்கு ஆளை உட்காரவைத்த பிறகு அரிசி களைய ஓடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அடுத்த ஐந்து வருடத்துக்கு இந்த நாலு பகுதி, அங்கே முதலில் குழாய், பம்பிங் ஸ்டேஷன், சுத்திகரிப்பு நிலையம், பிறகு அனுமதி. அதற்கடுத்த ஐந்து வருடத்துக்கு வேறு நாலு. குஜராத்தில் 1976-ம் வருடச் சட்டத்தின் கீழ் நகரமைப்புத் திட்டம் போட்டு, நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பொதுத் தேவைக்கும் எடுத்துக்கொண்டு மீதியை உரிமையாளருக்கே ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருகிறார்கள். அதிலும் குறைகள் உண்டு, ஆனால் வரிசை சரி.

நம்மால் முடியாது என்றும் இல்லை. இரண்டாவது மாஸ்டர் பிளானிலேயே செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும், தெற்குக் கடலோர மணல் பகுதியின் நிலத்தடி நீருக்கும் தனிக் கட்டுப்பாடுகள் வைத்தார்கள். தண்ணீரைப் பார்த்து நிலத்தை முடிவு செய்யும் பழக்கம் சி.எம்.டி.ஏ.வுக்குப் புதிதில்லை. மிச்சப் பகுதிக்கும் அதை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். 2022 அரசாணையில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்திருக்கிறார்கள். அரக்கோணம் பக்கமெல்லாம் வந்துவிட்டது. அங்கே இன்னும் வயல் இருக்கிறது, குழாய்க்கும் பம்பிங் ஸ்டேஷனுக்கும் இன்னும் இடம் இருக்கிறது.

வரைவு பிளான் வெளியிட்டால் மக்களிடம் ஆட்சேபணை கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். உங்கள் மனையின் வண்ணத்தைப் பார்த்துவிட்டு, அதே தாளில் மூன்று வரி எழுதி அனுப்புங்கள். எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை எந்த வருடம்? பம்பிங் ஸ்டேஷனுக்கான இடம் எந்த சர்வே நம்பர்? இதுவரை எங்கள் பகுதியில் வாங்கிய பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. பணமும் அடிப்படை வசதிக் கட்டணமும் எவ்வளவு, அதில் இங்கே செலவானது எவ்வளவு? சங்கத்தின் பெயரில் அனுப்பினால் இன்னும் நல்லது, ஒப்புதல் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் பகுதிக்கான கடிதத்தை எழுதி முடித்ததும் கமென்ட்டில் போடுகிறேன், ஊர்ப் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.