'அபாச்சி'யை இயற்றியது ஹாங்க் மார்வின் அல்ல

'அபாச்சி' என்ற கிட்டார் இசையை இயற்றியவர் ஷேடோஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வின் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சிலர் அதை வழிமொழிந்தும் இருக்கிறார்கள். சின்னத் திருத்தம்: மார்வின் வாசித்தவர். இயற்றியவர் ஜெர்ரி லார்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர்.

அதை முதலில் பதிவு செய்ததுகூட ஷேடோஸ் இல்லை, பெர்ட் வீடன் என்ற கிட்டார் கலைஞர். அந்தப் பதிவு வெளிவராமல் கிடந்தது. லார்டனுக்கும் அதில் திருப்தி இல்லை. 1960-இல் ஷேடோஸுடன் இசைப் பயணம் போனபோது, கையிலிருந்த உகுலேலே என்ற சின்ன கிட்டார் போன்ற கருவியில் மெட்டை வாசித்துக் காட்டினார். நாலு தந்தி உகுலேலேயில் கேட்டு அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதுதான் எனக்கு இன்றும் வியப்பு! அந்த ஜூலையில் இசைத்தட்டு வந்தது. பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம்.

சரிபார்ப்பது எளிது. பழைய இசைத்தட்டு விற்பவர்கள் இணையத்தில் போடும் படத்தைப் பெரிதாக்கி, நடுவிலுள்ள லேபிளைப் பாருங்கள். தலைப்பை ஒட்டிச் சிறிய எழுத்தில் இருக்கும் இயற்றியவர் பெயர், லார்டன்.