கப்பல் பட்டியலைக் கடைசியாகத் திறவுங்கள்

கடல் கடந்து போன முன்னோரைத் தேட உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் திறப்பது கப்பல் பயணியர் பட்டியலைத்தான். ஆசை புரிகிறது. பூட்டன் கப்பலேறினார், இறங்கினார், அந்த ஒரு வரியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பெயரைப் போடுகிறார்கள். அதே பெயரில் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். வயது ஏறக்குறைய ஒத்துப்போகிற ஒருவரைப் பிடித்து 'இவரேதான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது இணையத்தில் குடும்ப மரமாக ஏறுகிறது, தூரத்துச் சொந்தக்காரர்கள் நகலெடுக்கிறார்கள், கொஞ்ச நாளில் அதுவே சரித்திரம்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். கப்பல் பட்டியல் கடைசியாகத் திறக்க வேண்டியது. முன்னோர் எங்கே செத்தார் என்பதில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, கடைசியில்தான் துறைமுகத்துக்கு வரவேண்டும்.

ஆள் மாறிப்போவது சாமானியர் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தது. முதலில் பதிவானவர் ஆனி மூர். அயர்லாந்திலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த 17 வயதுப் பெண். பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்து வரவேற்றார்கள். அவருக்குச் சிலைகூட இருக்கிறது. பல காலம் சொல்லப்பட்ட கதைப்படி, அவர் டெக்சாஸுக்குப் போய்க் குடும்பம் நடத்தி 1923ல் விபத்தில் இறந்தார். அந்த வீட்டு வாரிசுகளை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். 2006ல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் இதைப் போட்டு உடைத்தார். டெக்சாஸ் ஆனி மூர், அமெரிக்காவிலேயே இலினாய் மாநிலத்தில் பிறந்தவர். கப்பலில் வந்த ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து, நிறையப் பிள்ளைகள் பெற்று, சிலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1924ல் இறந்து, பெயர்க்கல்கூட இல்லாத குழியில் கிடந்தார். டெக்சாஸ் அம்மாள் பிறந்த இடம் எது என்று முதலிலேயே ஒருவர் பார்த்திருந்தால் இத்தனை வருடக் கூத்து நடந்திருக்காது.

பெயரும் வயதும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு பட்டியலுக்குப் போனால் இதுதான் கதி. அதிலும் வயது இருக்கிறதே, அது பல நேரம் சொன்னவருக்கே தெரியாது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று முழுசாகத்தான் சொல்வார்கள்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். 'எல்லிஸ் தீவு அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்' என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். அங்கே யாரும் உட்கார்ந்து புதிதாகப் பெயர் எழுதவில்லை. பட்டியல், புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதியது. இறங்கிய இடத்து அதிகாரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார், அவ்வளவுதான். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் வந்தவர்களேதான். வேலை கிடைக்க, பிள்ளை பள்ளியில் கேலிக்கு ஆளாகாமல் இருக்க, குடியுரிமை வாங்கும்போது என்று பிறகு மாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் கப்பலில் இருப்பது ஊரில் வைத்த பழைய பெயர். அந்தப் பழைய பெயர் என்னவென்று கரையேறிய பிறகு உண்டான காகிதங்கள்தானே சொல்லும்?

அந்தக் காகிதங்களில் இறப்புச் சான்றிதழை எல்லோரும் முதலில் எடுப்பார்கள். எடுங்கள். ஆனால் தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள். மாமனாருடைய அம்மாவின் பெயர் மருமகனுக்கு எப்படித் தெரியும்? வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார். அதே மனிதர் இளவயதில் தேவாலயத்தில் கல்யாணம் செய்தபோது, தானே நின்று தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பார். எனக்கு அந்தத் திருமணப் பதிவேட்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம். கூடவே சாட்சிக் கையெழுத்துகளையும், குழந்தைகளின் ஞானஸ்நானத்தில் நின்றவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். புது நாட்டில் ஒருவனுக்குச் சாட்சி நிற்பவன் பெரும்பாலும் அவன் ஊர்க்காரனாகவோ சொந்தமாகவோ இருப்பான்.

அமெரிக்காவுக்குப் போனவர் என்றால் 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எந்த வருடம் குடியேறினார், குடியுரிமை வாங்கினாரா என்ற கட்டங்கள் உண்டு. குடியுரிமைக் காகிதத்தில் 1906 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன்னால் எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம், ஊர் பெயரே இல்லாமல் 'இன்ன அரசரின் குடிமகன்' என்பதோடு முடிந்துபோகும் தாள்களே அதிகம். அந்த வருடம் சட்டம் மாறிய பிறகு பிறந்த இடம், தேதி, வந்த கப்பல் எல்லாம் வர ஆரம்பித்தன.

இவ்வளவும் சேர்ந்த பிறகு பட்டியலைத் திறந்தால் அது வேறு மாதிரி பேசும். 1907க்குப் பிந்தைய அமெரிக்கப் பட்டியல்கள் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கு விரியும். தேடலில் வருவது பெயர் இருக்கிற முதல் பக்கம், அதோடு மூடிவிடுகிறவர்கள் ஏராளம். யாரிடம் போகிறார், உயரம், தழும்பு, பிறந்த ஊர் எல்லாம் அடுத்த பக்கத்தில் இருக்கும். பெயரின் மேல் கோடு போட்டிருந்தால் பயணச்சீட்டு எடுத்தும் ஏறாதவராக இருக்கலாம், அடுத்த கப்பலைப் பாருங்கள். பெயரருகே வேறு மையில், வேறு கையெழுத்தில் எண்ணும் தேதியும் இருந்தால் கொண்டாடுங்கள். பல வருடம் கழித்து அவர் குடியுரிமை கேட்டபோது, வந்தது உண்மையா என்று குமாஸ்தா ஒருவர் இந்தத் தாளையே எடுத்துப் பார்த்த அடையாளம் அது.

பட்டியலே இல்லாத துறைமுகமும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகப் பட்டியல்கள் 1850லிருந்து 1934 வரை பெரும்பகுதி பிழைத்திருக்கின்றன. அதே நாட்டின் பிரேமன் துறைமுகத்தில் இடமில்லை என்று அவர்களே பழையதைத் தூக்கிப் போட்டார்கள், மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது. பட்டியலை மட்டும் நம்பியவர் அங்கேயே நின்றுவிடுவார். கரையிலிருந்து பின்னோக்கி வந்தவருக்குத் திருமணமும் சாட்சியும் கையில் இருக்கும்.

'ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்கு இது பொருந்தாதே, அங்கே கப்பல் பட்டியலில்தானே எல்லாம் இருக்கிறது' என்று கேட்பார்கள். பாதி உண்மை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். அந்தப் பட்டியல்களில் தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், அங்க அடையாளம் வரை உண்டு. 1907க்கு முன்னால் அமெரிக்கா போன ஐரோப்பியக் குடியானவனுக்கு இவ்வளவு எழுதியதில்லை. அக்கறையால் எழுதியதும் இல்லை, ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! ஆனால் முனியன், வீரம்மா, ராமசாமி என்று அங்கே தேடிப் பாருங்கள். திரை நிரம்பிவிடும். உங்களுடையவர் யார் என்பதைப் பெயர் சொல்லாது, எண் சொல்லும். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். தோட்டத்துக் கணக்கிலும் திருமணப் பதிவிலும் அந்த எண் கூடவே வரும். அதனால் இங்கேயும் வழி அதேதான். டர்பனில் பாட்டி பெட்டியில் மடித்து வைத்த காகிதத்தில் இருக்கும் எண்ணை முதலில் பிடியுங்கள், அது நேராக ஒரு கப்பலின் ஒரு வரியில் கொண்டு போய் விடும்.

கிராமத்தின் பெயர் அங்கே கோணல்மாணலாகத்தான் இருக்கும். தமிழோ தெலுங்கோ சொன்ன ஆளின் வாயிலிருந்து ஆங்கிலத்தில் எழுதியவை அவை. வரைபடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே கப்பலில் அதே தாணாவைச் சொன்ன மற்றவர்களின் வரிகளைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து எண்ணில் வருகிறவர்களுக்கு அதே ஊரை இன்னொரு விதமாக எழுதியிருப்பார்கள். இரண்டு மூன்று எழுத்துக்கோவைகளைச் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் ஊர் பெயர் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.