'புலம்பெயர்ந்த தாய்' படம் தானாகப் பேசவில்லை

'புகைப்படம் தானே பேசும், பார்க்கிற எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான்' என்பதற்கு, வறுமையில் வாடும் ஒரு தாயைக் குழந்தைகளோடு காட்டும் 'புலம்பெயர்ந்த தாய்' (Migrant Mother) படத்தை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அந்தக் கருத்துக்கு எதிரான சாட்சியே இந்தப் படம்தான்! 1936-இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பண்ணைத் தொழிலாளர் முகாம் ஒன்றில், புகைப்படக் கலைஞர் டொரத்தியா லாங் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றுக்காக எடுத்தது அது. எடுத்த பலவற்றில் ஒன்றுதான் பிரபலமானது. படத்தின் ஓரத்தில் தெரிந்த கட்டைவிரலைக்கூடப் பிறகு மங்கலாக்கினார்கள். பலரும் வெள்ளைக்காரத் தாய் என்றே நினைத்தார்கள். அவர் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி வம்சாவளி; ஃபுளோரன்ஸ் தாம்சன் என்ற அவர் பெயரே 1978-இல்தான் வெளியே தெரிந்தது.

பார்ப்பவர் ஒரு செய்தியை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-லேயே தொலைக்காட்சியை வைத்து எழுதிவிட்டார். அதற்காகப் படத்துக்குச் சக்தியே இல்லை என்றும் ஆகாது. லாங்கின் படங்கள் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. தாம்சன் குடும்பம் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது, அது வேறு விஷயம்.