ஓம், வீட்டில் தைத்த சட்டைதான்

கல்யாண மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளின் சட்டையைப் பகிடி பண்ணிப் போட்ட அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. பார்க்காதவர்கள் இனித் தேடிப் போக வேண்டாம், போட்டவரே இரவோடிரவாக எடுத்துவிட்டார். எடுத்து என்ன பிரயோசனம்? ஸ்கிரீன்ஷொட் எனக்கு நாலு பக்கத்தாலும் வந்து சேர்ந்துவிட்டது. அனுப்பிய ஒவ்வொருவரும் "பார்த்தீங்களோ தெரியாது அக்கா, மனசில வச்சுக்கொள்ளாதேங்கோ" என்று ஒரு வரியும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தீர்கள். மனதில் வைக்கக்கூடாத சாமானை எதற்கம்மா எனக்கு அனுப்புகிறீர்கள்?

நான் சண்டைக்கு வரவில்லை. நிதானமாகவே எழுதுகிறேன். கல்யாண மண்டபத்தில் என் மகளும் என் பெறாமக்கள் இருவரும் ஒரே துணியில் சட்டை போட்டுக்கொண்டு நின்றதைப் படம் எடுத்து, "வீட்டில கர்ட்டின் கழட்டியாச்சு போல" என்று எழுதியது பகிடியாம். சரி. அதன் கீழே இன்னொருவர் "பாவம், கஷ்டம் போல" என்று எழுதினாரே, அதுவும் பகிடியா? எனக்கு முதலாவதைவிட இரண்டாவதுதான் சுட்டது. சிரிப்பவரோடு சண்டை பிடிக்கலாம். பாவம் பார்ப்பவரை என்ன செய்வது?

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தைத்த சட்டை, காசில்லாத வீட்டின் விளம்பரப் பலகை அல்ல.

அது கர்ட்டினும் அல்ல. அம்மாவின் மணிப்புரிச் சேலை. அலுமாரியில் மடித்த மடிப்பிலேயே கிடந்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய், இனி உடுக்க ஏலாது என்று அம்மாவே எடுத்துத் தந்தது. அந்த இற்ற இடங்களைத் தவிர்த்து வெட்ட வேண்டும். சேலைக்கரை நீளவாக்கில் ஓடும். அது பாவாடையின் அடியில் சுற்றிவர வேண்டுமென்றால் துணியைக் குறுக்கே திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். மூன்று சட்டைக்கும் கரை காணுமா என்று கணக்குப் பார்த்து, தாளில் கீறி, குண்டூசி குத்திய பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட்டேன். இடுப்புச் சுருக்குக்குள் சின்னப் பிழையென்றால் மறைந்துவிடும். பக்கத் தையலில் இரண்டு கரையும் ஒரே கோட்டில் சந்திக்காவிட்டால் மண்டபத்தின் அடுத்த மூலையில் நிற்பவருக்கும் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஸ்கிரீன்ஷொட்தான் எல்லோரிடமும் இருக்கிறதே. சந்தித்திருக்கிறது.

வீட்டில் தைத்ததைப் போடுவது கேவலம் என்றால் ஒரு கேள்வி. 1993 முதல் இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சீருடை கொடுக்கிறது. இடையில் சில வருடம் வவுச்சர் கொடுத்தார்கள், அதை விடுங்கள். கொடுப்பது என்ன, சட்டையா? துணி. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு. கப்பலேறி அவ்வளவு தூரம் வந்தும் அது துணியாகத்தான் வந்தது. யாரோ ஒருத்தி அளவெடுத்து, வெட்டி, மடிப்புப் பிடித்து, கொலர் வைத்து, கரை அடித்த பிறகுதான் உங்கள் மகள் பள்ளிக்கூட வாசலுக்குள் போனாள். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிற நாட்களில் எங்கள் திருகோணமலையில் பாலையூற்றிலிருந்து உப்புவெளி வரைக்கும் தையல் தெரிந்த எந்த வீட்டிலும் நேரத்துக்குச் சோறு வேகாது. அந்த நேரத்தில் யாருக்கும் கர்ட்டின் பகிடி வருவதில்லை. "அக்கா, திங்கள் பள்ளிக்கூடம், எப்படியாவது பார்த்துச் செய்யுங்கோ" என்ற குரல்தான் வரும்.

சித்திரை வருடப்பிறப்பும் அப்படித்தான். எந்த நிறத்தில் உடுப்பு உடுக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் போட்டுவிடுவார்கள். மருத்துநீர் வைத்து முழுகிய பிள்ளைக்கு அந்த நிறத்தில் ஒரு சட்டை வேண்டும். மத்திய வீதியில் கடை கடையாக ஏறி இறங்குங்கள். நிறம் இருக்கும் இடத்தில் அளவு இருக்காது, அளவு இருக்கும் இடத்தில் நெஞ்சு நிறைய மினுங்கல் ஒட்டியிருக்கும். புடவைக்கடையில் சீத்தையோ கொட்டனோ இரண்டு மீற்றர் வெட்டி எடுத்து வந்தால் ஒரு பின்னேர வேலை. இதில் வறுமை எங்கே வந்தது?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த அனலில் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொலியெஸ்டர் லைனிங் வைத்த, கழுத்தில் முரட்டு நெட் தைத்த 'பார்ட்டி ஃபிறொக்' போடுகிறோம். பிள்ளை சிணுங்கினால் "பழக்கமில்லை, அதுதான்" என்கிறோம். பழக்கமில்லாமல் இல்லை, கடிக்கிறது. வீட்டுக்கு வந்து கழற்றினால் முதுகெல்லாம் வியர்க்குரு, அக்குளில் சிவந்த கோடு. அந்தக் கோடு ஓவர்லொக் அடித்த நைலோன் நூல் உரசியது.

நான் வெட்டப் பழகியது ஜமாலியாவில் இருந்த ஒரு ராத்தாவிடம். எதைத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வெளிப்பக்கம் பார்க்கமாட்டார். முதலில் உட்புறத்தை வெளியே திருப்புவார். விரலைத் தையல் மேல் ஓடவிடுவார். எங்காவது விரல் தட்டுப்பட்டால் பேச்சில்லை, பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டியதுதான். "பிள்ளை உள்பக்கத்தைத்தானே போட்டுக்கொண்டு திரியுது" என்பார். துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க வைத்து ஒரு தையல், ஓரத்தை ஒட்ட நறுக்கி, உள்ளே திருப்பி அதை மூடி இன்னொரு தையல். பிசிர் ஒன்றும் வெளியே வராது, தோலில் எதுவும் உரசாது. நேரம் இரண்டு மடங்கு. எந்தக் கடைக்காரர் பிள்ளைச் சட்டைக்கு இந்த நேரத்தைக் கொடுப்பார்? அவரைக் குறை சொல்லவில்லை, அந்த விலைக்கு அவரால் ஏலாது. அடியில் நாலு விரல் மடிப்பும் அவர் விடமாட்டார். நான் விடுவேன், அடுத்த வருடம் பிரித்து இறக்கினால் சட்டை பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

"இப்ப துணி விலைக்குக் கடையில வாங்குறது மலிவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனபோது, பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற துணி விலை எங்கே போய் நின்றது என்று தைப்பவர்களைக் கேளுங்கள். நூல்கட்டை, சிப், இலாஸ்டிக், ஊசி எல்லாம் அப்படித்தான். நடைபாதையில் குவித்து விற்கும் சட்டையோடு போட்டிபோட எங்களால் ஏலாது. நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். தைப்பதுதான் செலவு என்றால், தைப்பவர்கள் காசில்லாதவர்கள் என்ற உங்கள் கணக்கு எங்கே போனது? ஒரே வாயால் இரண்டையும் சொல்லாதீர்கள்.

"பிள்ளைக்கு வெட்கமா இருக்காதா?" என்று கேட்டவருக்கு: என் மகள் கேட்டது இரண்டு பொக்கற். பெண்பிள்ளைகளின் கடைச் சட்டையில் பொக்கற் வைப்பது என்னவோ பாவம் என்பது போல வைக்கவே மாட்டார்கள், வைத்தாலும் ஒரு விரல்தான் போகும். நான் அவளுடைய கை மணிக்கட்டு வரை போகும்படி வைத்தேன். மண்டபத்தில் தந்த டொபி முழுவதும் அதற்குள்தான் இருந்தது, பெறாமகளின் செருப்பு வார் உட்பட. வெட்கப்பட அவளுக்கு நேரமே இருக்கவில்லை. இனி, நீங்கள் போட்டதை வாசிக்கத் தெரிந்தால் படுவாள். அது சட்டையால் வந்த வெட்கமா?

ஒரு தம்பி வேறு விதமாகக் கேட்டிருந்தார். பெண்களைத் திரும்பவும் மெஷினுக்கு முன்னால் இருத்தி வைக்கத்தான் இந்தப் பெருமையெல்லாம் என்று. தம்பி, நீங்கள் போட்டிருக்கும் டீசேட் மரத்தில் காய்த்ததா? 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து இந்த நாட்டுப் பெண்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக மெஷினுக்கு முன்னால்தான் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் பஸ் ஏறிப் போய் போர்டிங்கில் தங்கி, ஒருத்தி நாள் முழுக்கக் கொலர் மட்டும், இன்னொருத்தி நாள் முழுக்கக் கை மட்டும் தைக்கிறாள். எந்தக் கடைச் சட்டையும் தானாகத் தைபடுவதில்லை. அவள் தைத்ததில் ஒரு லேபல் இருந்தால் அது ஸ்டைல். நான் தைத்ததில் லேபல் இல்லாவிட்டால் கர்ட்டின்.

இப்போது அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். நிதானமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முயற்சி செய்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் சனம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தது. உடுத்த உடுப்போடு வந்தவர்கள். நிவாரணப் பொதிகள் வரத் தொடங்கின. நல்ல மனதோடு அனுப்பியவர்களுக்கு நன்றி, ஆனால் பொதிக்குள் என்ன வந்தது? குளிர் நாட்டுக் கம்பளிக் கோட்டுகள். ஆளுயர வெள்ளைக்காரர்களின் காற்சட்டைகள். பிள்ளைகளுக்குப் போடத்தக்கதாகக் கொஞ்சம்தான். அம்மாவின் சிங்கர் கால் மெஷின், சீதனத்தோடு வந்தது, தண்ணீரோடு போய்விட்டது. சிங்கர் இந்தத் தீவுக்கு வந்தது 1877இல். எங்கள் அம்மம்மா காலத்திலேயே அது இல்லாத வீடு குறைவு. எங்களுக்கு அது வெறும் மெஷின் அல்ல, ஆபத்துக்கு அடகு வைக்கும் நகைக்கு அடுத்த இடம் அதற்குத்தான். அது போய்விட்டது. மேட்டுப் பக்கம் இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஒரு கை மெஷினை இரவல் வாங்கி வந்து, வகுப்பு வாங்கில் வைத்து அம்மா தைத்தார்.

அளவுநாடா இல்லை. பிள்ளையை முன்னால் நிறுத்திச் சாணால் அளப்பார். ஒரு பெரிய பூப்போட்ட கவுனில் சின்னப் பிள்ளைகள் மூன்று பேருக்குச் சட்டை வந்தது. உதவாத கோட்டுகளிலிருந்து பொத்தான்களை வெட்டி எடுத்துப் பால்மா டின்னுக்குள் போட்டு வைத்தார். ஒரு சட்டையில் நாலு பொத்தானும் நாலு விதம். அந்தப் பிள்ளைகள் சண்டை பிடித்தது எதற்குத் தெரியுமா? பெரிய பித்தளைப் பொத்தான் யாருடைய சட்டைக்கு என்று. அந்த வரிசையில் நின்ற தாய்மார் ஒருவரும் "பாவம்" என்று சொல்லவில்லை.

ஆகவே, நான் இவ்வளவு நேரமும் சொன்னதை நானே கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். வீட்டில் தைத்த சட்டை காசில்லாததின் அடையாளம் அல்ல. அடையாளமாகவே இருந்தால்தான் என்ன? ஒரு தாய் கையில் இருக்கிற ஒரே துணியை வெட்டித் தன் பிள்ளைக்கு ஒழுங்காகப் பொருந்தும் ஒரு சட்டை தைத்துக் கல்யாணத்துக்குக் கூட்டி வந்தால், அது கர்ட்டின் துணியாகவே இருந்தால், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு அப்படி ஒரு நிலைமை இல்லை என்று நிரூபிக்கத்தானே சேலைக்கரைக் கதையெல்லாம் சொன்னேன். அதைச் சொல்ல வைத்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"ஒரு பகிடிக்கு இவ்வளவு நீளமா எழுத வேணுமா அக்கா?" ஓம், வேணும்.

ஏனென்றால் அந்தப் பகிடிக்குச் சிரித்த பெயர்களை ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் என் வீட்டு விறாந்தையில் பிளவுஸுக்கு அளவு கொடுத்தவர்கள். சாமத்தியவீட்டுக்கு முதல்நாள் இரவு "கை இறுக்குது" என்று ஓடி வந்தவர்கள். சோட்டிக்குக் கழுத்து இறங்கிவிட்டது, காற்சட்டைக்குச் சிப் போய்விட்டது, "சின்ன வேலைதானே, அஞ்சு நிமிசம்" என்று தந்துவிட்டுப் போனவர்கள். சிப் மாற்றுவது அஞ்சு நிமிச வேலை என்று நினைப்பவர்கள் ஒருதரம் பழைய தையலைப் பிரித்துப் பாருங்கள், ஊசிக் கண்ணுக்கு முன்னால் உங்கள் கண் போய்விடும். கடையில் கொடுத்தால் பேசாமல் எண்ணி வைக்கிற காசு, எனக்கென்றால் "உனக்கும் காசு தரணுமா?" என்று வரும். அப்போது நான் சொந்தம். நான் தைத்ததை என் பிள்ளை போட்டால் மட்டும் நான் பாவம்.

இனிமேல் இப்படித்தான். அளவுக்கு வருகிறவர்கள் துணியோடும் லைனிங்கோடும் வாருங்கள், லைனிங் என் வீட்டில் விளைவதில்லை. பாதிக் காசு முதலில். பிள்ளைச் சட்டை என்றால் பிள்ளையையும் கூட்டி வாருங்கள், பழைய சட்டையை அளவுக்குத் தந்துவிட்டுப் பிறகு இறுக்குது என்று சொல்ல வேண்டாம். தீபாவளிக்கு முதல் கிழமை தருகிற எதையும் எடுக்கமாட்டேன்.

மாமி, நீங்களும் அந்தச் சிரிப்பைப் போட்டிருந்தீர்கள், கை தவறிப் பட்டிருக்கும். உங்கள் பச்சைப் பிளவுஸும் மெரூன் பிளவுஸும் கொக்கி வைத்து முடிந்து கிடக்கின்றன. பின்னேரம் ஆளனுப்புங்கோ. போன தீபாவளிக் காசையும் சேர்த்து.