எல்லாருக்கும் ஜெர்மனி பென்ஷன் தருகிறது என்பது தவறு

“நாஜிகளிடமிருந்து உயிர் தப்பிய யூதர்கள் எல்லாருக்கும் ஜெர்மனி மாதாமாதம் கை நிறையப் பணம் தருகிறது, அவர்களில் ஏழைகள் எப்படி இருப்பார்கள்?” என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இது தவறான தகவல்.

இழப்பீடு தர மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுடன் செய்த 1952 லக்சம்பர்க் ஒப்பந்தத்தின் 300 கோடி மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) இஸ்ரேல் அரசுக்குப் போனது, பெரும்பகுதி சரக்குகளாக. தனி மனிதர்கள் கைக்கு அல்ல. 1953 அக்டோபருக்கு முன் இஸ்ரேலில் குடியேறியவர்களின் உடல்நலப் பாதிப்புக்கு இஸ்ரேல் அரசே பொறுப்பேற்றது. அதற்கான சட்டம் 1957இல்தான் வந்தது.

இழப்பீட்டில் அதிகம் விடுபட்டவர்கள் சோவியத் யூதர்கள். ஜெர்மனியின் இழப்பீட்டுச் சட்டப்படி விண்ணப்பிக்கும் கெடு 1969இல் முடிந்துவிட்டது. இரும்புத்திரைக்குப் பின்னால், சோவியத் நாட்டுக்குள் அடைபட்டு இருந்தவர்கள் எங்கே போய் மனுக் கொடுப்பார்கள்? 1990களில் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் வந்தபோது பலருக்கு வயதாகிவிட்டது. வேலை இல்லை, சேமிப்பு இல்லை, மொழியும் தெரியாது. இவர்களில் பலருக்குக் கிடைத்தது 5,000 மார்க், அதுவும் ஒரே ஒரு முறை. பின்னர் வந்த மாத உதவிக்கும் வருமான வரம்பு உண்டு. நாஜி முகாமிலோ கெட்டோவிலோ (யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி) இருந்ததையோ, ஒளிந்து வாழ்ந்ததையோ நிரூபிக்கவும் வேண்டும்.

2007இல் இஸ்ரேல் அரசு இவர்களுக்கு மாதம் சராசரியாக 83 ஷெக்கல் தருவதாகச் சொன்னது. அன்றைய மதிப்பில் சுமார் 20 டாலர்! அந்த வயதிலும் அவர்கள் ஜெருசலேம் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. முகாம்களிலும் கெட்டோக்களிலும் இருந்துவிட்டு 1953க்குப் பின் இஸ்ரேல் வந்தவர்களுக்கு, முன்பே வந்தவர்களுக்கு இணையான உதவி 2014 சட்டத் திருத்தத்தில்தான் கிடைத்தது.