மூன்று பிரதி எடுத்தால் எச்டிஆர் ஆகாது

எச்டிஆர் பனோரமா என்பது, வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கி, பக்கம் பக்கமாக ஒட்டிய அகலப் படம். “ஒரே ரோ படத்தை (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படத்தை) மூன்று பிரதியாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து இணைத்தால் எச்டிஆர் பனோரமா வந்துவிடும்” என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வராது. மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலத்தில் நின்று மாலையில் வாவியை எடுத்துப் பாருங்கள்: சூரியனைச் சுற்றி முற்றாக வெளுத்துப்போன இடத்தில் விவரம் எதுவும் பதிந்திருக்காது. வெளிச்சத்தைக் குறைத்தால் அது சாம்பல் திட்டாகும், அவ்வளவுதான். பிரதியில் புதுத் தகவல் எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு கோணத்திலும் தனித்தனியாக மூன்று ஷாட் வேண்டும். 1/1000, 1/250, 1/60 வினாடி என்று ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்; அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) தொடவே வேண்டாம். லைட்ரூம் கிளாசிக் என்ற படத்திருத்த மென்பொருளில் 2018 முதல் எச்டிஆர் இணைப்பு, பனோரமா இணைப்பு இரண்டும் ஒரே தடவையில் நடக்கிறது. ஆனால் எல்லாக் கோணத்திலும் ஷாட் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம், தோணி ஓடினால் படத்தில் இரண்டாகத் தெரியும். அது போகும்வரை பொறுத்திருந்து எடுங்கள்.